எலி தின்ற குருத்தோலை

"தம்பி, மண்ணு சரிஞ்சிருச்சு. ரோட்டு மேலயே விழுந்து கெடக்கு. பஸ் போகாதாம்."

போனில் பிலோமினா அக்கா. நான் இஸ்தோப்பில், அதாவது எங்கள் லயத்து வரிசை வீட்டின் முன்தாழ்வாரத்தில், தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். கூரைத் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு காதில் போனை அழுத்தி, மறு காதை விரலால் அடைத்துக்கொண்டுதான் பேச வேண்டியிருந்தது.

"எங்கக்கா நிக்கிறீங்க?"

"கினிகத்தேன தாண்டி, வட்டவளைக்கு இங்கிட்டு. ஓலையெல்லாம் பத்திரமா இருக்கு. நான்தான் அந்தப் பக்கம் வர வழியில்லாம நிக்கிறேன்."

விடிந்தால் குருத்தோலை ஞாயிறு. இயேசு சாமி கழுதை மேல் ஏறி வந்தபோது சனங்கள் ஓலை பிடித்து வரவேற்றார்களே, அந்த நாள். காலை ஏழு மணிக்கு எங்கள் தோட்டத்துச் சிற்றாலயத்துக்கு டவுனிலிருந்து ஃபாதர் வருகிறார். ஓலையும் சனமும் இருந்தால் பூசை, இல்லாவிட்டால் அடுத்த வருடம் முதல் இங்கே குருத்தோலை ஞாயிறே கிடையாது, எல்லோரும் டவுன் கோயிலுக்கு வர வேண்டியதுதான் என்று அவர் சொல்லியிருந்தார். ஓலையோ கினிகத்தேனையில் நிற்கிறது.

"ஃபாதருக்குப் போன் போட்டுச் சொல்லிரட்டுமாக்கா?" என்றேன். எனக்கு எதையும் சீக்கிரம் கைவிட்டுவிடும் சுபாவம். என் மனைவி ரீட்டாவைக் கேட்டால் விவரமாகச் சொல்லுவாள்.

"ஐயோ, சொல்லிறாதீங்க! இல்லைன்னு மட்டும் சொல்லிறாதீங்க தம்பி. நான் எப்பிடியாச்சும் வந்துருவேன். நீங்க..."

அதோடு போன் செத்துப்போனது. திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். சார்ஜ் தீர்ந்திருக்க வேண்டும். காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்திருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

புல் பிடித்த காலம்

போன வாரம் இந்தப் பத்தியில் ஆர்மோனியப் பெட்டிக்குள் எலி குடித்தனம் நடத்திய கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகர், "உங்க ஊர்ல எலியைத் தவிர வேற ஆளே இல்லையா?" என்று கேட்டிருந்தார். இருக்கிறார்கள் ஐயா, பொறுங்கள். ஆனால் இந்த வாரமும் எலி வரும். அது என் குற்றமல்ல.

இலங்கை மலைநாட்டில் மஸ்கெலியாவுக்கு மேலே, குளிர் எலும்பைக் கடிக்கும் உயரத்தில் இருக்கிறது எங்கள் தோட்டம். இங்கே தேயிலை வரும், கேரட் வரும், லீக்ஸ் வரும். தென்னை மட்டும் வராது. யாரோ ஒரு பெரிய கிளார்க்கு ஆசைப்பட்டு பங்களா ஓரத்தில் ஒரு கன்றை நட்டார். அது முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து, அப்படியே நின்று, எங்களையெல்லாம் வெறித்துப் பார்த்துவிட்டுச் செத்தது.

ஆகவே நான் சின்னப் பையனாக இருந்த காலத்தில் குருத்தோலை ஞாயிறு என்றால் எங்களுக்குப் புல்தான். மலைச் சரிவில் ஆள் உயரத்துக்கு வளரும் மானாப்புல்லை அறுத்துக் கட்டு கட்டாகக் கொண்டுவந்து கோயில் வாசலில் போடுவார்கள். ஆளுக்கு ஒரு பிடி எடுத்துக்கொண்டு "ஓசன்னா" பாடிப் போவோம். புல்லின் ஓரம் கையைக் கீறும். பூசை முடிவதற்குள் பாதிப் பேர் விரலைச் சூப்பிக்கொண்டு நிற்போம்.

அப்படி ஒரு வருடத்தில்தான் பிலோமினா அக்கா எங்கள் லயத்துக்குப் புதுப்பெண்ணாக வந்தார். எட்டியாந்தோட்டைப் பக்கம், ரப்பர் தோட்டத்துக்காரர். அங்கே வீட்டுக்கு வீடு தென்னை. மானாப்புல்லைக் கையில் கொடுத்ததும் அந்தப் புதுப்பெண் வெட்கம் எல்லாம் விட்டு வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"என்னாங்க இது? சாமியக் கூப்பிடப் போறோமா, மாட்டுக்குப் போடப் போறோமா?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. மாமியார்க்காரி முறைத்தார். வந்த பெண்ணுக்கு இத்தனை வாயா என்று அன்றைக்கு முழுக்க லயத்தில் பேச்சு. எங்கள் அம்மா மட்டும், "சிரிச்சாலும் சரியாத்தானே கேட்டுருச்சு அந்தப் புள்ள" என்றார்.

அடுத்த வருடம், சனிக்கிழமை சாயங்காலம், மஸ்கெலியா பஸ்ஸிலிருந்து பிலோமினா அக்கா இறங்கினார். தோளில் ஈரச் சாக்குச் சுற்றிய நீளமான மூட்டை. பிரித்தால் உள்ளே தென்னங்குருத்து. வெண்ணெய் நிறம். அந்த வாசனையை அன்றுதான் முதல்முதலாக முகர்ந்தேன். மழை பெய்து ஓய்ந்த பிறகு வருமே, அந்தப் பச்சை வாசனை, கொஞ்சம் இனிப்போடு.

அன்று தொடங்கியது. எனக்கு மீசை முளைத்து, நரைத்து, அதற்குச் சாயம் பூசி, சாயமும் அலுத்துப்போய் விட்டாயிற்று. அக்கா ஒரு வருடமும் விடவில்லை. கொரோனா வருடத்தை நாங்கள் சேர்ப்பதில்லை. அப்போது கோயிலே பூட்டிக் கிடந்தது.

காலை நீட்டிப் படுத்துவரும் பிரயாணி

தென்னங்குருத்தைப் பஸ்ஸில் கொண்டுவருவது சாமானியப்பட்ட வேலை இல்லை. அது மடங்காது. மடக்கினால் முறியும். ஆள் நீளத்துக்கு மேலே இருப்பதால் தலைக்கு மேல் சாமான் வைக்கும் ராக்கையில் நிற்காது. கீழே, நடக்கிற வழியில்தான் படுக்க வைக்க வேண்டும். ஏறுகிறவர்கள் இறங்குகிறவர்கள் எல்லோரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஒருமுறை நானும் துணைக்குப் போயிருந்தேன். ஹட்டனில் ஏறும்போது கண்டக்டர் மறித்தான். "மொனவத அக்கே மே?" என்ன இது அக்கா என்று கேட்டான், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

"கொக்கொல மல்லி, பள்ளிக்கு" என்றார் அக்கா. குருத்தோலை தம்பி, கோயிலுக்கு. அவருடைய சிங்களம் அவ்வளவுதான். ஆனால் அதைச் சொன்ன தோரணை, ஏதோ பிஷப்பே சாக்குக்குள் படுத்திருப்பது மாதிரி இருந்தது. கண்டக்டர் தலையைச் சொறிந்தான். பிறகு தானே குனிந்து மூட்டையை நேராக்கி வைத்தான். வழி முழுக்க ஏறுகிறவர்களிடம், "மிதிக்காமப் போங்க, மிதிக்காமப் போங்க" என்று தமிழிலும் சிங்களத்திலும் கத்திக்கொண்டு வந்தவனும் அவன்தான்.

ஆரம்பத்தில் பிறந்த வீட்டிலிருந்துதான் கொண்டுவந்தார். பிறகு அண்ணன் தம்பிகள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட, அந்த வீடு கைமாறியது. அதோடு நின்றிருக்க வேண்டியதுதான். ஆனால் பக்கத்து வீட்டு சோமா அக்கா, பன்சலைப் புத்தருக்கு மல்லிகைப்பூ எடுத்துக்கொண்டு போகிற சிங்கள மனுசி, "என் மரத்துல வெட்டிக்க, ஓலைதானே" என்றிருக்கிறார். குருத்தை வெட்டினால் மரத்துக்கு நோகும், காய்ப்புக் குறையும். அது தென்னை வைத்திருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். சோமா அக்கா ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. போகும்போதெல்லாம் பிலோமினா அக்கா ஒரு பொட்டலம் நல்ல தேயிலைத் தூள் கொண்டுபோவார். இரண்டு பேரும் முற்றத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டு, பாதி சிங்களத்திலும் பாதி கைச்சாடையிலும் மருமகள்களைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் கத்தியை எடுப்பார்கள்.

சண்டைக் காலத்தில் செக்பாயிண்டில் பஸ்ஸை நிறுத்தி மூட்டையை உதறச் சொல்லியிருக்கிறார்கள். குருத்துக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு சிப்பாய் குத்திப் பார்த்ததில் அந்த வருட ஓலைகளில் சிலவற்றுக்கு நடுவே ஓட்டை. அதையும் அக்கா கொண்டுவந்து, ஓட்டை விழுந்ததில் ஒன்றிரண்டு போக மற்றதைத் தனக்கும் தன் வீட்டுக்கும் எடுத்துக்கொண்டார். பெட்ரோலுக்கு வரிசை நின்ற வருடத்தில் மரக்கறி லொறியில், கோவா மூட்டைகளுக்கு மேலே உட்கார்ந்து போய்வந்தார். அதற்குள் புருஷன் செத்தார், மகள் கல்யாணமாகிப் போனாள், முழங்கால் தேய்ந்தது. சனிக்கிழமை மட்டும் தவறவில்லை.

இதெல்லாம் வருடத்துக்கு ஒரு நாள் கதை. மற்ற நாட்களில் கொழுந்து எடுத்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு, யார் வீட்டில் சுகமில்லையோ அங்கே நிற்பார். கிறிஸ்தவ வீடு, இந்து வீடு என்று பார்க்க மாட்டார். படுக்கையில் கிடப்பவர்களைக் குளிப்பாட்டுவார், கஞ்சி ஊட்டுவார், ஒரு செபம் சொல்லுவார், இரண்டு திட்டும் திட்டுவார். "சாகப் போறேன் சாகப் போறேன்னு எத்தன தடவ சொல்லுவீங்க? கஞ்சியக் குடிச்சிட்டுப் பேசுங்க." அப்படித் திட்டு வாங்கி எழுந்து நடமாடியவர்கள் எங்கள் லயத்தில் உண்டு. என் அம்மாவின் கடைசி நாட்களில் அம்மா என்னைத் தேடியதைவிட அக்காவின் திட்டைத் தேடியதுதான் அதிகம். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட.

ஓலைக் களவாணிகள்

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்துக் கொடுக்கும் ஓலையை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருந்து, அடுத்த வருடம் தவக்காலம் தொடங்கும்போது கோயிலுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதை எரித்த சாம்பலைத்தான் விபூதிப் புதனன்று ஃபாதர் எங்கள் நெற்றியில் பூசுவார்.

முறை அதுதான். எங்கள் தோட்டத்தில் நடப்பது வேறு.

ஓலை ஒருமுறை வீட்டுக்குள் போனால் போனதுதான். இடி மின்னல் நேரத்தில் ஒரு துண்டு கிள்ளி அடுப்பில் போட்டால் வீட்டுக்கு மேல் இடி விழாது. பிள்ளைத்தாய்ச்சியின் தலையணைக்கு அடியில் வைத்தால் நல்லபடியாகப் பிரசவமாகும். கொழும்புக்கு வேலைக்குப் போகும் மகனின் பையில் ஒரு துண்டு போட்டுவிட்டால் அவன் தண்ணியடிக்க மாட்டான். கடைசியாகச் சொன்னது மட்டும் பலித்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஆகவே யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. கிறிஸ்தவர்கள் மட்டுமா? பூசை முடிந்ததும் அக்கா மிச்ச ஓலைகளை லயம் லயமாகக் கொண்டுபோய்க் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பார். காளியம்மா, எங்களுக்கு அடுத்த வீடு, மாரியம்மன் கோயில் திருவிழாவில் கரகம் எடுக்கிற குடும்பம், கோயில் விபூதியும் எங்கள் ஓலையும் ஒரே தட்டில் வைத்திருப்பவர்.

விபூதிப் புதனுக்கு முந்தின ஞாயிறு பிலோமினா அக்கா சாக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார். அதைப் பார்க்க வேண்டும்.

"பழைய ஓலையக் குடுங்க."

"ஐயோ அக்கா, மழையில நனைஞ்சு புழுத்துப் போச்சே."

"ஓலை எங்க?"

"மக எடுத்துட்டுப் போயிருச்சுங்க, ராகலைக்கு."

எங்கள் வீட்டில் ரீட்டா ஒவ்வொரு வருடமும் ஒரே பதில்தான் சொல்லுவாள். "எலி தின்னுருச்சுக்கா."

அக்கா இடுப்பில் கையை வைப்பார். "ஏன்டி, இந்தத் தோட்டத்து எலிக்கு வேற சாப்பாடே கெடைக்கலயா? சாமி நெத்தியில பூசுற சாம்பல ஒளிச்சு வச்சிட்டு எந்த மூஞ்சியோட கோயிலுக்கு வாறீங்க?" வெறும் சாக்கோடு திரும்புவார். ஃபாதர் டவுன் கோயிலிலிருந்து ஒரு சின்ன டப்பாவில் சாம்பல் கொண்டுவருவார். நாங்கள் வெட்கமில்லாமல் நெற்றியை நீட்டுவோம். அன்று முழுக்க அக்கா ஒருவரோடும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

ஃபாதருக்கும் அக்காவுக்கும் வாக்குவாதம்

ஃபாதர் நல்லவர். யாழ்ப்பாணத்துக்காரர், சின்ன வயது. வந்த புதிதில் எங்கள் பேச்சு அவருக்குப் புரியாது, அவர் பேச்சு எங்களுக்குப் புரியாது. மோட்டார் சைக்கிளில் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி இடுப்பு விட்டுப்போன மனுசன். மண் சரிந்த அந்த வருடம் தவக்காலத்தில் ஒருநாள் கோயிலுக்குள் எங்களை உட்கார வைத்துச் சொன்னார்.

"இளம் ஆக்கள் எல்லாரும் கொழும்புக்குப் போயிட்டினம். போன முறை பூசைக்கு ஆக்கள் இருக்கிற வாங்கில பாதி வெறுமையாக் கிடந்தது. இப்பிடிச் சின்னச் சின்னதா வைக்கிறதை விட, குருத்தோலைக்கும் பெரிய வெள்ளிக்கும் எல்லாத் தோட்டச் சனமும் டவுனுக்கு வந்தா வடிவா இருக்கும். நான் பஸ் ஒழுங்கு செய்யிறன்."

எனக்குக்கூட அது நியாயமாகத்தான் பட்டது. டவுன் கோயிலில் கீபோர்டு இருக்கிறது, நம் எலி வாழ்ந்த ஆர்மோனியத்தை விட்டுத் தப்பிக்கலாம் என்று நினைத்தேன்.

அக்கா எழுந்து நின்றார். "சாமி, ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்கோ அம்மா."

"பஸ்ஸுல ஏற முடியாதவங்க இருக்காங்களே, படுத்துக் கெடக்குறவங்க? ஊர்வலம் லயத்து வழியாப் போறப்பத்தான் அவங்க சன்னல்ல எட்டிப் பாத்துக் கும்புடுறாங்க. டவுன்ல ஊர்வலம் போனா அது யாரு வாசலத் தாண்டும்?"

ஃபாதர் சன்னல் வழியே லயத்துப் பக்கம் பார்த்தார். "சரி. இந்த முறை மட்டும் இஞ்ச வைப்பம். ஏழு மணிக்கு நான் வாறன். ஓலையும் சனமும் இருந்தாத் தொடருவம். இல்லாட்டி நான் சொன்னதைக் கேக்க வேணும். சம்மதமோ?"

"சம்மதங்க சாமி" என்றார் அக்கா. உடனே எங்கள் பக்கம் திரும்பி, ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பயந்தே பாதிப் பேர் வந்திருப்பார்கள்.

ஏழு மணி

இப்போது அந்த மழைச் சாயங்காலத்துக்குத் திரும்புகிறேன்.

போன் செத்த பிறகு நான் காளியம்மா வீட்டு வாசலில் நின்று புலம்பினேன். "அக்கா அந்தப் பக்கம் மாட்டிக்கிச்சு. ஓலை வராது. அவ்வளவுதான், முடிஞ்சு போச்சு." காளியம்மா அதைக் கேட்டபடியே அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபமாக வந்தது. சொந்த வீட்டுக் காரியம் என்றால் இப்படி உட்கார்ந்திருப்பாரா என்று ரீட்டாவிடம் முணுமுணுத்தேன்.

காலையில் மழை விட்டிருந்தது. மேகம் தேயிலை மேல் இறங்கி நின்றது. ஊர்வலம் எப்போதும் கிளம்புகிற இடம் பீலிக்கரை, அதாவது லயத்துக்குக் கீழே நாங்கள் தண்ணீர் பிடிக்கும் இடம். அங்கே சனம் கூடியிருந்தது. கிறிஸ்தவ வீடுகளிலிருந்து எல்லோரும். எல்லோர் கையும் வெறுங்கை. ஃபாதர் சிவப்பு அங்கியோடு மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார்.

"எங்க பிலோமினா அம்மா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் செருப்பைப் பார்த்தேன். "ரோட்டுல மண்ணு சரிஞ்சிருச்சுங்க ஃபாதர். அக்கா வட்டவளைக்கு அங்கிட்டு நிக்கிது. ஓலை..." அதற்குமேல் வரவில்லை. இல்லை என்று சொல்லிவிடாதீர்கள் என்று அக்கா கேட்டிருந்தாரே.

ஃபாதர் நெற்றியைத் தடவினார். அவருக்கும் சங்கடம்தான். "அதுக்கு அவ என்ன செய்யிறது, பாவம். பரவாயில்ல. பூசையை மட்டும் வைப்பம்" என்றார். ஊர்வலம் இல்லை. அப்படியென்றால் அடுத்த வருடமும் இல்லை.

அப்போது லயத்துப் படியில் காளியம்மா இறங்கி வந்தார். குளித்து, நெற்றியில் விபூதி பூசி, தலையில் துண்டைச் சுற்றியிருந்தார். கையில் ஒரு ஓலை. ஓலையா அது? அடுப்புப் புகையில் கறுத்து, சுருண்டு, ஒரு முனை கிள்ளிக் கிள்ளிக் குட்டையாகிப்போன ஒன்று. நேராக ஃபாதரிடம் வந்து நீட்டினார்.

"சாமி, இது பிலோமி குடுத்ததுதாங்க. கூரையில சொருகி வச்சிருந்தேன். பாதிய இடிக்கு எரிச்சிட்டேன். இது ஆகுமான்னு பாருங்க."

ஃபாதர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது முந்தியே மந்திரிச்ச ஓலைதானே" என்றார்.

"ரெண்டாந்தடவ மந்திரிச்சாக் கெட்டுப் போயிருமாங்க?"

ஃபாதர் சிரித்துவிட்டார். "ஆசீர்வாதம் ரெண்டு தரம் கிடைச்சா ஒண்டும் குறையாது அம்மா." பிறகு எங்களைப் பார்த்தார். "வேற ஆரிட்டயும் இருக்கோ?"

எல்லோரும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்தோம். பிறகு ஒரு பெண் மெதுவாக நழுவி வீட்டுப் பக்கம் நடந்தாள். பின்னாலேயே இன்னொருத்தி. அப்புறம் பாருங்கள், பீலிக்கரையே காலி! அத்தனை பேரும் படியேறி ஓடுகிறார்கள். மழையில் புழுத்துப்போன ஓலைகள் கூரைச் சட்டத்திலிருந்து வந்தன. ராகலைக்குப் போன ஓலைகள் கல்யாணப் போட்டோவுக்குப் பின்னாலிருந்து வந்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் சாமி எல்லாக் களவையும் வெளியே கொண்டுவந்துவிட்டார்.

ரீட்டா வந்தாள். கையில் ஒன்றல்ல, ஒரு கட்டு. செபமாலை நூலால் அழகாகக் கட்டி வைத்திருந்தாள்.

"எலி தின்னுச்சுன்னியேடி?" என்றேன்.

"பேசாம வாங்க. எல்லாரும் பாக்குறாங்க" என்றாள். இருந்தது எங்கே தெரியுமா? என் தையல் மெஷின் பெட்டிக்கு அடியில். நான் காலால் மிதித்துக்கொண்டிருந்த இடத்துக்கு ஒரு சாண் பின்னால்.

இந்து வீடுகளிலிருந்தும் வந்தார்கள். ஓலை வைத்திருந்தவர்கள் ஓலையோடு, இல்லாதவர்கள் சும்மா. பிலோமி அக்காவுக்காக என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். ஃபாதர் தண்ணீர் தெளித்து மந்திரித்தார். பழுப்பும் கறுப்புமாக அந்தக் காய்ந்த ஓலைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாங்கள் ஏறத் தொடங்கினோம். பச்சை ஓலை ஆட்டினால் சத்தம் வராது. இவை சரசரவென்று சத்தம் போட்டன. பாட்டை விட அந்தச் சத்தம் பெரிதாக இருந்தது. படுக்கையில் கிடந்தவர்கள் எட்டிப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

இரண்டாவது லயத்தைச் சுற்றி ரோட்டுப் பக்கம் திரும்புகிறோம். கீழே வளைவில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து பிலோமினா அக்கா இறங்கினார்.

முழங்கால் வரைக்கும் சேறு. சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார். முதுகில், கொழுந்துக் கூடை கட்டுகிற கயிற்றால் குறுக்கே கட்டிய ஒரே ஒரு குருத்து. ராத்திரி முழுக்க ரோட்டோரத் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்திருந்து, வெளுத்ததும் மண்மேட்டைத் தாண்டியிருக்கிறார். ரோட்டு வேலைக்காரர்கள் கயிறு பிடித்துத்தான் ஆட்களை அக்கரை அனுப்பினார்களாம். இரண்டு கையும் கயிற்றில் இருக்க வேண்டும், மூட்டையோடு விடமாட்டோம் என்றிருக்கிறார்கள். ஒன்றை முதுகில் கட்டிக்கொண்டு மற்றதையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு வந்தார். அப்புறம் ஒரு பால் வேன், பிறகு மஸ்கெலியா பஸ், இந்த ஆட்டோ. இதெல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது.

அப்போது அவர் அசையாமல் நின்றார். மேலே லயத்து வழி நிறையச் சனம். அத்தனை கையிலும் ஓலை. போன வருட ஓலை, அதற்கு முந்தின வருட ஓலை, சிப்பாய் குத்திய ஓட்டையோடுகூட ஒன்று. எல்லாம் அவர் தோளில் ஏறி வந்தவை. எங்கள் பாட்டு தானாக நின்றுபோனது.

அக்கா இடுப்பில் கையை வைத்தார்.

"அடப் பாவிகளா!" என்றார். "இத்தனையுமா ஒளிச்சு வச்சிருந்தீங்க? வருசா வருசம் கேட்டு நடையா நடந்தேனே! எலி தின்னுச்சு, மழ தின்னுச்சுன்னு... எல்லாரும் நல்லா இருப்பீங்களா..."

திட்டை முடிக்க முடியவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். ரீட்டா ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள், அவளும் அழுதாள். நான் அழவில்லை. மேகம் கண்ணில் பட்டால் தண்ணீர் வரும், அது எங்கள் ஊரில் எல்லோருக்கும் உள்ளதுதான்.

ஃபாதர் தானே இறங்கிப் போய் அக்காவின் முதுகுக் கயிற்றை அவிழ்த்தார். அந்தக் குருத்தைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். பூசை முடிவில் அறிவித்தல் சொல்லும்போது, "அடுத்த முறையும் குருத்தோலை ஞாயிறு இஞ்சதான்" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரே பச்சைக் குருத்தின் ஓலைகள் எல்லோருக்கும் போதவில்லை. முதல் ஓலையை அக்கா காளியம்மாவுக்குக் கொடுத்தார்.

இந்த வருடம் நடந்தது

இது நடந்து கொஞ்ச காலமாகிறது. அடுத்தடுத்து நல்லபடியாகவே ஓலை வந்தது. இந்த வருடம் விபூதிப் புதனுக்கு முந்தின ஞாயிறு வழக்கம்போல அக்கா சாக்கோடு வந்தார். முழங்கால் இப்போது ரொம்பவே தகராறு செய்கிறது. ஒவ்வொரு படியிலும் நின்று நின்றுதான் ஏறினார்.

ஒளித்து வைக்க இனி முகம் ஏது எங்களுக்கு? கேட்பதற்கு முன்பே எல்லோரும் எடுத்து நீட்டினோம். ரீட்டா கட்டாகவே கொடுத்தாள். அக்கா அதைப் பிரித்தார். பாதியைச் சாக்கில் போட்டார். மீதியை அவள் கையிலேயே திணித்தார்.

"என்னாக்கா, எல்லாத்தையும் எடுத்துக்கங்க" என்றாள் ரீட்டா.

"சாம்பலுக்கு இது போதும். மத்தத எலிக்குப் போடு."

காளியம்மா வீட்டில் ஒரே ஓலைதான் இருந்தது. கூரையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அக்கா அதைக் கையில் வைத்துப் பார்த்தார். பிறகு வலிக்கும் காலோடு அடுப்பங்கரைத் திட்டில் ஒரு கையை ஊன்றி, எட்டி, அதைப் பழைய இடத்திலேயே செருகினார்.

"இது இங்கயே இருக்கட்டும் காளி."

"ஏன் பிலோமி? சாமிக்குக் கேட்டுத்தானே வந்தீங்க?"

"ஒரு வருசம் நான் வர முடியாமப் போகும்ல. அப்பத் தேவப்படும்."

காளியம்மாவுக்கு வந்ததே கோபம். "மொதல்ல வாயக் கழுவுங்க!" என்று சொம்புத் தண்ணீரை எடுத்து நீட்டினார்.

அக்கா சிரித்துக்கொண்டே வாங்கி, இஸ்தோப்பு ஓரத்தில் குனிந்து, வாயைக் கொப்பளித்துத் துப்பினார். பிறகு சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போனார்.